பயிர்காவல் துவக்கும் தொலைதூரச் சூடும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கங்களில் கமக்காரர் அமைப்புக் கூட்டம் முடிந்து கலையும்போதும், அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் மாதங்களில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் காத்திருக்கும்போதும், பயிர்காவலுக்குத் துவக்கு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வேட்டைக்குப் போகும் உறவினர்கள் அனுப்பும் காணொளிகள் அந்தச் சந்தேகங்களை இன்னும் கூட்டியிருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் திடமாகத் தெரிந்ததைப் பதிலாகத் தருகிறேன்.

எங்கடை பயிர்காவல் துவக்கும் கனடாக்காரர் வைச்சிருக்கிற றைபிளும் ஒண்டுதானே?

இல்லை. இங்கே பயிர்காவலுக்கு வழங்கப்படுவது சொட்கன். அதன் குழல் உள்ளே வழுவழுப்பானது; 12 போர் என்ற அளவுத் துவக்கென்றால் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். ஒரு தோட்டாவிலிருந்து பல ஈயக் குண்டுகள் ஒன்றாகப் புறப்பட்டு, போகப் போக விரிந்து பரவும். பக்கத்தில் ஓடும் பன்றிக்கும் பறக்கும் பறவைக்கும் ஏற்ற அமைப்பு அது.

றைபிளின் குழலில் உட்சுவர் முழுவதும் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு வெளியேறும் ஒற்றைச் சன்னம் தன்னைத்தானே சுற்றியபடி பறப்பதால், முனை முன்னோக்கியே நிற்கிறது, தடுமாறிப் புரள்வதில்லை. தொலைதூரச் சூடு என்று சொல்லப்படும் அனைத்தும் இந்தச் சுழற்சியின் மேல்தான் நிற்கிறது. சுருள் வரி இல்லாத குழலில் அதற்கு அடித்தளமே கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த சில பதில்கள் எளிதாக விளங்கும்.

அப்ப என்ரை துவக்கு எவ்வளவு தூரத்துக்கு அடிக்கும்?

இந்தக் கேள்விக்குள் இரண்டு தூரங்கள் இருக்கின்றன. குறிவைத்த விலங்கை உடனே வீழ்த்தக்கூடிய தூரம் 30 முதல் 35 மீற்றர் வரை; மிகவும் நல்ல துவக்கென்றால் 40. தப்பிய குண்டு பறந்து போய் ஒருவரைக் காயப்படுத்தக்கூடிய தூரம் அதைவிடப் பல மடங்கு அதிகம். 4ஆம் இலக்கம் எனப்படும் சிறு குண்டு ஏறத்தாழ 250 மீற்றர் வரை போகும். எஸ்.ஜி. எனப்படும் பெரிய குண்டு 600 மீற்றரைத் தாண்டும். முதல் தூரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்பவர் அரிது. அயலில் கொட்டில் போட்டுப் படுத்திருப்பவருக்கு அதுதான் முக்கியம்.

உங்கள் துவக்கின் எல்லையை அறிய ஒரு வழி இருக்கிறது. அனுமதி உள்ள, பின்னால் உயர்ந்த மண்கட்டு உள்ள இடத்தில் அகலமான தாளொன்றை நிறுத்தி, அளந்த தூரத்திலிருந்து ஒரு வெடி வைத்து, குண்டுகள் விழுந்த துளைகளை எண்ணிப் பாருங்கள். துவக்குத் தொழிலில் நெடுங்காலமாகப் பயன்படும் அளவுகோல் இதுவே: 40 யார், அதாவது 36.6 மீற்றர் தூரத்தில் 76 சென்றிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நூற்றுக்கு எத்தனை குண்டு விழுகிறது என்பது. குண்டுகள் அதிகம் விரியாமல் இருக்கக் குழலின் வாயைச் சற்று ஒடுக்கியிருப்பதே முனை ஒடுக்கம்; அது இல்லாத குழலில் ஏறத்தாழ 40 விழும். முழு ஒடுக்கமுள்ள குழலில் ஏறத்தாழ 70. தாளில் பன்றியின் நெஞ்சளவுக்கு வெறுமையான இடங்கள் தெரிந்தால், அந்தத் தூரம் உங்களுக்குரியதல்ல.

துவக்குக்கு மேலை ஒரு ஸ்கோப் பூட்டினால் தூரத்துக்கு அடிக்கலாமோ?

முடியாது. குறிபார்க்கத் துவக்கின் மேல் பூட்டும் தொலைநோக்கியான ஸ்கோப் உங்கள் கண்ணுக்கு உதவுமே தவிர, குண்டுக்கு உதவாது. 80 மீற்றரில் நிற்கும் பன்றியின் காது தெளிவாகத் தெரியும். குண்டுகளோ முன்புபோலவே விரிந்து, வலுவிழந்துதான் போகும். தெளிவாகத் தெரிகிறதே என்ற நம்பிக்கையில் எட்டாத தூரத்துக்கு வெடி வைத்து, விலங்கைக் காயத்துடன் காட்டுக்குள் ஓடவிடுவதுதான் நடக்கும்.

குழலை நீட்டினால், இல்லாட்டி முனையை ஒடுக்கினால்?

குழல் நீளமென்றால் தூரம் கூடும் என்ற நம்பிக்கை கரிமருந்துக் காலத்திலிருந்து வந்தது. இன்றைய தோட்டாவின் மருந்து குழலின் முதல் அரை மீற்றருக்குள் பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வரும் நீளம் குறிபார்க்க வசதி தருமே தவிர, வேகத்தை அதிகம் கூட்டாது.

முனை ஒடுக்கத்தால் உண்மையான பயன் உண்டு. மேலே சொன்ன 40க்கும் 70க்கும் இடையிலான வேறுபாடு அதுதான். ஆனால் அது பெரும்பாலும் குழல் செய்யப்படும்போதே அமைவது. கம்மாலையில் சூடாக்கி, தட்டி, ஒடுக்கிய குழல் அடுத்த வெடியிலேயே பிளக்கலாம். அத்துடன் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்பதை மட்டுமல்லாமல், செய்வதையும் திருத்துவதையும் அனுமதிக்குள் கொண்டுவருகிறது. அனுமதி இல்லாதவர் கையில் துவக்கைத் திருத்தக் கொடுத்தால் கொடுத்தவருக்கும் சிக்கல்தான்.

பெரிய குண்டுத் தோட்டா போட்டால் தூரம் கூடாதோ?

ஒவ்வொரு குண்டும் வலுவுடன் போகும் தூரம் கூடும். படும் வாய்ப்புக் குறையும். 4ஆம் இலக்கத் தோட்டாவில் 170, 190 குண்டுகள் என்று இருக்கும். எஸ்.ஜி. தோட்டாவில் வழமையாக இருப்பவை 9 மட்டுமே. ஒடுக்கமில்லாத குழலில் அவை மீற்றருக்கு மூன்று சென்றிமீற்றர் அளவில் விரிந்துகொண்டே போகும் என்பதால், 35 மீற்றரில் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்துக்குள் சிதறிய ஒன்பது குண்டுகளே மிஞ்சும். அவற்றில் உயிர்நிலையில் எத்தனை படும் என்பதை நீங்களே கணக்கிடலாம். தப்பியவை 600 மீற்றர் வரை போகக்கூடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு விடயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய துவக்குகள் சிலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீற்றர் நீளமானது. இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீற்றர். இந்த அளவு சுடாத தோட்டாவினுடையதல்ல, வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம். ஆகவே நீளமான தோட்டா குறுகிய அறைக்குள் தடையின்றி ஏறிவிடும். வெடிக்கும்போதுதான் வாய் விரிய இடமின்றி அமுக்கம் ஆபத்தான அளவுக்கு உயரும். குழலின் அடிப்புறத்தில் பொறித்திருக்கும் அளவைப் படித்துப் பார்க்காமல் தோட்டா வாங்க வேண்டாம்.

மச்சான் கனடாவிலை தன்ரை றைபிளைத் திருத்தி 500 மீற்றருக்கு அடிக்கிறன் எண்டுறார். அப்பிடி என்னத்தைத்தான் திருத்துறது?

அங்கே பாதுகாப்புப் பயிற்சி முடித்து அனுமதி பெற்றவர், போல்ற் இழுத்துச் சுடும் வேட்டை றைபிளைத் தன் உடம்புக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது வழமையானது. 1962இல் வெளிவந்த ரெமிங்ரன் 700 போன்ற றைபிள்களுக்குக் கட்டை (குழலைத் தாங்கி, தோளில் அணைக்கும் பகுதி), விசை, குழல் எல்லாமே தனித்தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. எனினும் பணம் செலவழிக்கும் ஒழுங்கைப் பலர் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் பெரிய ஸ்கோப்பை வாங்கிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கட்டை. சுடும்போது குழல் அதிரும். ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அதிர்ந்தால் சன்னங்கள் ஒரே இடத்தில் விழும். குழலைக் கட்டை எங்காவது தொட்டால் அந்த அதிர்வு மாறும். மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதால் மழை நாளில் ஒரு புள்ளியும் வெயில் நாளில் இன்னொரு புள்ளியும் வரும். ஒன்ராறியோவில் என் மைத்துனர் தன் றைபிளை மேசையில் கிடத்தி, ஒரு கடதாசிக் கீலத்தைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் நுழைத்து முனையிலிருந்து பின்னோக்கி இழுத்துக் காட்டினார். நாலு விரற்கடை தாண்டியதும் கீலம் நின்றுவிட்டது. குழலைக் கழற்றிப் பார்த்தபோது அந்த இடத்தில் மரம் உராய்ந்து பளபளத்திருந்தது. அதை அரத்தாளால் தேய்த்து, கீலம் தடையின்றி ஓடும்வரை இடம்விட்டார். பிறகு, குழலைத் தாங்கும் இரும்புப் பகுதி கட்டையில் அசையாமல் அமர்வதற்காக, அந்தப் பள்ளத்தில் எப்பொக்சிப் பசையை நிரப்பி அச்செடுத்தார். அந்த இரண்டு வேலைகளுக்கும் ஆன செலவு ஒரு நல்ல ஸ்கோப்பின் விலையில் சிறு பங்குதான்.

அடுத்தது விசை. வேட்டை றைபிளின் விசையை இழுக்க ஒன்றரைக் கிலோ அளவு பாரம் வேண்டும். இலகுவாக, இழுபறியின்றி விடுபடும் விசை கையின் ஆட்டத்தைக் குறைக்கும். ஆனால் அளவுக்கு மீறி இலகுவாக்கிய விசை, துவக்கு கீழே விழுந்தாலே வெடிக்கும் நிலைக்குப் போய்விடலாம் என்பதால், அதைத் தேர்ந்த துவக்குத் தொழிலாளியிடம் விடுவதே முறை. ஸ்கோப்பைப் பொறுத்தவரை கண்ணாடியைவிட அதைப் பிடித்திருக்கும் வளையங்களும் திருகாணிகளும் முக்கியம்; அவை மயிரளவு தளர்ந்தாலும் குறி அலையும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் 8, 9 சென்றிமீற்றர் இடைவெளி இல்லாவிட்டால் பின்னுதைப்பில் புருவம் பிளந்துவிடும். குழலை மாற்றுவது கடைசி வேலை. தடித்த குழல் சூடேறினாலும் புள்ளியை எளிதில் மாற்றாது. ஆனால் காட்டில் நாள் முழுவதும் அதைச் சுமக்க வேண்டும்.

சுருள் வரி கூடச் சுத்தினால் நல்லமோ, குறையச் சுத்தினால் நல்லமோ?

சன்னத்தின் நீளத்தைப் பொறுத்தது. நீண்ட, ஒடுங்கிய சன்னம் காற்றை நன்றாகக் கிழித்துப் போகும், ஆனால் நிலைத்துப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். .308 வின்செஸ்டர் என்ற ரவை வகைக்கான குழல்களில் 10 முதல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழமை. 2007இல் அறிமுகமான 6.5 கிரீட்மூர் என்ற ரவை வகை, நீண்ட சன்னங்களுக்காகவே வகுக்கப்பட்டதால் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்திருக்கிறது. குழலுக்குப் பொருந்தும் ரவையைக் கண்டுபிடிக்க, வெவ்வேறு வகைகளைத் தாளில் சுட்டு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

500 மீற்றருக்கு எண்டால் குறியை எவ்வளவு உயர்த்த வேணும்?

ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள .308 சன்னம் செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றரில் குறி சரியாகப் பொருத்தப்பட்ட அந்த றைபிளில், 300 மீற்றரில் சன்னம் ஏறத்தாழ அரை மீற்றர் கீழே விழும். 500 மீற்றரில் ஏறத்தாழ இரண்டு மீற்றர். தூரம் இரட்டிப்பதற்குள் வீழ்ச்சி நான்கு மடங்காகிவிடுவதால், தூரத்தைக் கண்மதிப்பாகச் சொல்வது இங்கே உதவாது. லேசர் தூரமானி வேண்டும். ஸ்கோப்பின் குமிழை ஒரு சொடுக்கு திருப்பினால் 100 மீற்றரில் ஒரு சென்றிமீற்றரோ முக்கால் சென்றிமீற்றரோ நகரும். எத்தனை சொடுக்கு என்பதைப் பயிற்சித் திடலில் சுட்டுப் பார்த்து எழுதி வைத்துக்கொள்வார்கள்.

வீழ்ச்சியைக் கணக்கில் பிடிக்கலாம், காற்றைப் பிடிப்பது கடினம். செக்கனுக்கு நாலரை மீற்றர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதே சன்னத்தை 300 மீற்றரில் ஏறத்தாழ 20 சென்றிமீற்றரும், 500 மீற்றரில் 60 சென்றிமீற்றருக்கு மேலும் பக்கவாட்டில் தள்ளும். நம் சோளகக் காலத்தில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், கட்டின் மேல் ஒரு காற்றும், கட்டுக்குக் கீழே வயலில் இன்னொரு காற்றும் இருக்கும். சன்னம் இரண்டையும் கடந்தே போக வேண்டும்.

அப்ப அவ்வளவு தூரத்திலை நிண்டு மானுக்கு வெடி வைக்கிறது சரியோ?

என் கருத்து, சரியில்லை என்பதே. மேலே சொன்ன சன்னம் 500 மீற்றர் போய்ச் சேர முக்கால் செக்கனுக்கு மேல் எடுக்கும். அதற்குள் மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஒரு காலடி எடுத்து வைத்தாலே நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். உயிர்நிலையின் அகலம் ஏறத்தாழ 20 சென்றிமீற்றர். 100 மீற்றரில் மூன்று சென்றிமீற்றருக்குள் அடுக்கும் நல்ல றைபிள்கூட 500 மீற்றரில் ஏறத்தாழ 15 சென்றிமீற்றர் பரப்பிச் சுடும். காற்றுக்கும் கை ஆட்டத்துக்கும் விட மிச்சம் எதுவும் இருக்காது. ஒட்டாவாவிலுள்ள கொனோட் திடலில் ஆயிரம் யார் தூரத்துக்குத் தாளில் சுடுகிறார்கள். தொலைதூரச் சூட்டில் ஆசை உள்ளவருக்கு அதுவே உரிய இடம்; அங்கே தப்பினால் எந்த உயிரும் வதைபடாது.

இங்கே இந்தக் கேள்வியே எழக்கூடாது. மான், மரை, சிறுத்தை, கரடி, யானை ஆகியவை 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள் மற்றும் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுபவை. பயிர்காவல் அனுமதி வேட்டை அனுமதியாகாது.

அவரட்டைச் சொல்லி ஒரு குழலோ ஸ்கோப்போ பொதியிலை எடுப்பிக்கலாமோ?

வேண்டாம். துவக்கின் பாகங்களை நாட்டுக்குள் கொண்டுவர அரசின் முன்னனுமதி வேண்டும். அனுப்புபவர் கனடாவின் ஏற்றுமதிச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வேட்டிச் சேலைக்குள் சுற்றி அனுப்பினால் இரண்டு நாடுகளிலும் இரண்டு குடும்பங்கள் வழக்குக்கு அலையும். மூன்றாவது பதிலைப் பார்த்தவர்களுக்கு, அது வந்தும் பயனில்லை என்பதும் விளங்கியிருக்கும்.

சட்டத் துவக்கு எடுக்க அலைச்சல். இடியன் துவக்கை வைச்சுச் சமாளிக்கேலாதோ?

இடியன் துவக்கின் குழல் பெரும்பாலும் நீர்க்குழாயோ வேறு இரும்புக் குழாயோதான். வெடி அமுக்கத்தைத் தாங்கவென்று செய்யப்பட்ட இரும்பல்ல. மருந்தை அளவின்றி இடித்து நிரப்புவதால் ஒரு வெடிபோல் அடுத்த வெடி இருக்காது. வைத்திருப்பதே குற்றம். மிருகம் வரும் பாதையில் கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு அதைவிடக் கொடியது. விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் காட்டுக்குள் போகும் நம்மவரின் முழங்காலும் தொடையும் அதற்கு எத்தனையோ தடவை இரையாகியிருக்கின்றன. எந்தப் பயிரும் அந்த விலைக்கு ஈடாகாது.

பயிர்காவல் அனுமதிக்கு மாவட்டச் செயலகத்தை நாட வேண்டும். கிராம அலுவலர், பொலிஸ் அறிக்கைகள், பயிர்ச்செய்கைக் காணியின் சான்றுகள் எல்லாம் கேட்கப்படும். ஒவ்வோர் ஆண்டுக்குமான புதுப்பித்தல் முன்னைய ஆண்டின் ஒக்டோபர் 1 முதல் டிசெம்பர் 31 வரை நடக்கிறது. அது பெரும்போக விதைப்பும் மழையும் சேர்ந்த காலம் என்பதால் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், ஒக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.

உழேக்கை நிலத்துக்குள்ளை கிடந்து வந்த ரவையள் இருக்கு. உதவுமோ?

தொடவே வேண்டாம். 2009 வரை நடந்த போரின் மிச்சம் இன்னும் நம் மண்ணுக்குள் கிடக்கிறது. இராணுவ ரவை சொட்கன் குழலுக்குப் பொருந்தாது. ஈரத்தில் கிடந்த மருந்து எப்படி நடக்கும் என்று சொல்லவும் முடியாது. ஒரு ரவை கிடைத்த இடத்தில் எறிகணையோ மிதிவெடியோ இருக்கவும் கூடும். உழவை நிறுத்தி, இடத்தை அடையாளமிட்டு, பொலிஸுக்கோ மிதிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள்.

யானை வந்தால் சும்மா ஒரு வெடி அதன்ரை பக்கத்துக்கு வைக்கலாமோ?

கூடாது. சொட்கன் குண்டு யானையை வீழ்த்தாது. தோலுக்குள் தங்கி, சீழ் பிடித்து, மாதக்கணக்கில் வதைக்கும். காயம்பட்ட யானை அடுத்த கிழமை அதே பாதையில் வரும்போது எதிரே நிற்பது வெடி வைத்தவராக இருக்காது. ரியூசனுக்குப் போகும் பிள்ளையாகவும் இருக்கலாம். வனஜீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானை வெடியும், ஊரவர் முறைவைத்துப் பராமரிக்கும் மின்வேலியுமே இதற்கு உரியவை. ஒரு பற்றை கம்பியில் முட்டினாலே வேலியின் வலு இறங்கிவிடும் என்பதால், வேலி போட்டவுடன் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

பன்றி 25 மீற்றரிலைதான் நிக்குது, பின்னாலை காட்டுக்கரை. இப்ப வைக்கலாம்தானே?

தூரம் சரி. இனிப் பார்க்க வேண்டியது பின்புலம். காட்டுக்கரை ஒரு சுவர் அல்ல. பற்றைகளின் ஊடாகக் குண்டு போகும், அதற்கப்பால் யார் காவலிருக்கிறார் என்பது இரவில் தெரியாது. வன்னி நிலம் தட்டையானது. நின்ற நிலையில் வைக்கும் வெடியில் தப்பிய குண்டைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை; குழல் சற்று மேல்நோக்கியிருந்தால் அது இரண்டாவது பதிலில் சொன்ன தூரம் வரைகூடப் போகலாம். தண்ணீர் நிற்கும் வயலும் காய்ந்து இறுகிய வரம்பும் குண்டைத் தெறிக்கவிடும்; சேற்றில் புதைந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே பரணை உயரமாகக் கட்டி, கீழ்நோக்கிச் சுடும்படி அமையுங்கள். உயரம் கூடக் கூடவும், பன்றி கிட்ட வரவரவும் குண்டு செங்குத்தாக மண்ணில் இறங்கும். மூன்று மீற்றர்ப் பரணிலிருந்து 25 மீற்றருக்கு வைத்தால் அது இன்னும் ஏறத்தாழக் கிடையாகவே போகும், 10 மீற்றருக்கு வைத்தால் நன்றாக இறங்கும். குளக்கட்டோ வாய்க்கால் மேடோ பின்னால் வரும் திசையைப் பகலிலேயே தெரிந்து, இரு பக்கமும் வெள்ளைத் துணி கட்டிய தடி நட்டு, அந்த இரண்டு தடிகளுக்கு இடையில் மட்டும் வெடி வைப்பதென்று முடிவு செய்யுங்கள். பக்கத்துக் காவற்காரரிடம் அன்றிரவு எந்தப் பரணில் யார் என்று பொழுதுபட முன்னரே கேட்டறியுங்கள். ரோர்ச் வெளிச்சத்தில் கண்கள் மட்டும் மின்னினால் வெடி வைக்க வேண்டாம். மாட்டின் கண்ணும் மின்னும். முழு உடலும் தெரிய வேண்டும். பன்றி தடிகளைத் தாண்டிப் போய்விட்டால் தகரத்தைத் தட்டிக் கலையுங்கள். தோட்டாவைக் கழற்றிவிட்டுப் பரணிலிருந்து இறங்குங்கள்.